சூரியத் தகட்டுக்கு வெயில் கவசம்: பெரோவ்ஸ்கைட் மின்கலங்களும் நானோ பூச்சுகளும்

மொட்டை மாடிக் கொடியில் ஓரிரு வருடம் கிடந்த பிளாஸ்டிக் கிளிப்பை எடுத்து அழுத்திப் பாருங்கள். விரலிலேயே நொறுங்கிவிடும். அதே மாடியில் பத்துப் பதினைந்து வருடமாக நிற்கும் கறுப்புத் தண்ணீர்த் தொட்டிக்குப் பெரிதாக ஒன்றும் ஆவதில்லை. இரண்டும் பிளாஸ்டிக்தான். இரண்டின் மீதும் விழுவது ஒரே வெயில்தான். பிறகு ஏன் இந்த வித்தியாசம்?

தொட்டியின் பிளாஸ்டிக்கில் கலந்திருக்கும் கரித்தூள்தான் காரணம். 'கார்பன் பிளாக்' எனப்படும் அந்தத் தூளின் ஒவ்வொரு துகளும் சில பத்து நானோமீட்டர் அளவே இருக்கும். ஒரு நானோமீட்டர் என்பது ஒரு மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. வெயிலோடு வரும் புற ஊதாக் கதிர்களை அந்தத் துகள்கள் விழுங்கி வெப்பமாக மாற்றிவிடுகின்றன. பிளாஸ்டிக் தப்பித்துக்கொள்கிறது.

சூரிய மின்சாரத் துறையில் அடுத்த பெரிய மாற்றமாகப் பேசப்படும் பெரோவ்ஸ்கைட் மின்கலங்களுக்கும் இப்படியொரு கவசம் தேவைப்படுகிறது. ஆனால் மின்கலத்துக்குக் கறுப்புப் பூச முடியாது. வெளிச்சம் உள்ளே போனால்தான் மின்சாரம். புற ஊதாக் கதிரை மட்டும் வாசலிலேயே நிறுத்திவிட்டு, மற்ற ஒளியை முழுவதுமாக உள்ளே விட வேண்டும். இதை நானோ துகள் பூச்சுகள் எப்படிச் செய்கின்றன, எந்த அளவுக்கு அவற்றை நம்பலாம் என்பதை இக்கட்டுரையில் பார்ப்போம்.

பெரோவ்ஸ்கைட் என்பது என்ன?

1839-ஆம் ஆண்டு ரஷ்யாவின் யூரல் மலைப்பகுதியிலிருந்து கிடைத்த ஒரு கனிமத்தை ஜெர்மானிய அறிஞர் குஸ்தாவ் ரோஸ் ஆராய்ந்தார். கால்சியம், டைட்டானியம், ஆக்சிஜன் மூன்றும் சேர்ந்த கனிமம் அது. ரஷ்யக் கனிமவியலாளர் லெவ் பெரோவ்ஸ்கியின் பெயரை அதற்குச் சூட்டினார். பின்னாளில், அதே படிக அமைப்பைக் கொண்ட எல்லாப் பொருட்களுக்கும் பெரோவ்ஸ்கைட் என்பது பொதுப்பெயராகிவிட்டது. சூரிய மின்கலத்தில் பயன்படும் பெரோவ்ஸ்கைட்டில் பெரும்பாலும் ஈயமும், அயோடின் அல்லது புரோமினும், கூடவே சீசியமோ ஒரு கரிம அயனியோ இருக்கும்.

2009-இல் ஜப்பானின் யோகோஹாமாவிலுள்ள டோயின் பல்கலைக்கழகத்தில் சுடோமு மியாசாகாவின் குழுவினர் இதைக் கொண்டு முதல் மின்கலத்தைச் செய்தபோது, விழுந்த ஒளியில் 3.8 சதவீதம் மட்டுமே மின்சாரமானது. 2012-இல் பிரிட்டனின் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஹென்றி ஸ்னைத் குழுவினர் பத்து சதவீதத்தைத் தாண்டினர். இன்று ஆய்வகச் சிறு கலங்கள் 26 சதவீதத்தைத் தாண்டிவிட்டன. சிலிக்கானின் மேல் பெரோவ்ஸ்கைட்டை அடுக்கிச் செய்யும் இரட்டை அடுக்குக் கலங்கள் 34 சதவீதத்தையும் கடந்துள்ளன. சிலிக்கான் தனியாக எட்டக்கூடிய கோட்பாட்டு உச்சம் ஏறத்தாழ 29.4 சதவீதம்தான் என்பதை நினைவில் கொண்டால், இந்த எண்ணின் பொருள் புரியும்.

செய்முறையும் எளிது. சிலிக்கானை 1,400 டிகிரி செல்சியஸுக்கு மேல் உருக்க வேண்டும். பெரோவ்ஸ்கைட்டைக் கரைசலாக்கி, மை போலப் பூசி, 100 முதல் 150 டிகிரி வரை சூடேற்றினால் போதும். ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ இரண்டாயிரத்தில் ஒரு பங்கு தடிமன் உள்ள படலமே தேவையான ஒளியை உறிஞ்சிவிடுகிறது.

இவ்வளவு நல்ல பொருள் இன்னும் நம் வீட்டுக் கூரைக்கு ஏன் வரவில்லை? ஆயுள்தான் தடை. சிலிக்கான் தகடுகளுக்கு 25 வருட உத்தரவாதம் தருகிறார்கள். பெரோவ்ஸ்கைட்டோ ஈரம், வெப்பம், ஆக்சிஜன், வெயில் என எல்லாவற்றுக்கும் இளகிக்கொடுக்கும் பொருள். அந்த எதிரிகளில் புற ஊதாக் கதிர் தனி ரகம். மற்றவற்றை மூடி அடைத்துத் தடுக்கலாம். இதுவோ, நமக்கு வேண்டிய வெளிச்சத்தோடு கைகோத்து உள்ளே வருகிறது.

புற ஊதா செய்யும் சேதம்

தரையை வந்தடையும் சூரிய ஆற்றலில் புற ஊதாவின் பங்கு ஏறத்தாழ 5 சதவீதம்தான். ஆனால் அதன் ஒவ்வொரு ஒளித்துகளும் வலுவானது. 600 நானோமீட்டர் அலைநீளமுள்ள ஆரஞ்சு ஒளியின் துகளுக்கு ஏறத்தாழ 2 எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றல் என்றால், 350 நானோமீட்டர் புற ஊதாத் துகளுக்கு மூன்றரை எலெக்ட்ரான் வோல்ட். மின்கலத்துக்குத் தேவை ஏறத்தாழ 1.6 மட்டுமே. மிச்சம் வெப்பமாகும், அல்லது வேதிப் பிணைப்புகளை உலுக்கும்.

இதைவிடப் பெரிய சிக்கல் பெரோவ்ஸ்கைட்டுக்கு அடுத்த அடுக்கில் இருந்தது. தொடக்க காலக் கலங்களில் எலெக்ட்ரான்களை வாங்கிக் கடத்தும் அடுக்காக டைட்டானியம் டை ஆக்சைடு பயன்பட்டது. கண்ணாடி வழியாக வரும் ஒளி முதலில் அதைத்தான் தொடும். ஏறத்தாழ 390 நானோமீட்டருக்குக் குறைந்த அலைநீளமுள்ள ஒளியை உறிஞ்சியதும் அது ஒரு வினையூக்கியாக விழித்துக்கொள்கிறது. பக்கத்திலிருக்கும் அயோடைடிலிருந்து எலெக்ட்ரானைப் பறிக்கிறது. அயோடைடு அயோடினாகி வெளியேறுகிறது. கரும்பழுப்பாக இருந்த பெரோவ்ஸ்கைட், மஞ்சள் நிற ஈய அயோடைடாகச் சிதைகிறது. கலம் மஞ்சளாகிவிட்டது என்றால் அதன் கதை முடிந்தது என்று பொருள்.

டைட்டானியம் டை ஆக்சைடின் இந்தக் குணத்தை நாமும் பார்த்திருக்கிறோம். வெளிச்சுவரின் வெள்ளை பெயின்ட் சில வருடங்களில் மாவு போலக் கையில் ஒட்டுகிறதே, அதற்கு வெயிலோடு சேர்ந்து இந்த வெள்ளை நிறமியும் ஒரு காரணம். பெயின்டைப் பிடித்து வைத்திருக்கும் பசைப்பொருளை அது மெல்ல அரித்துவிடுகிறது.

2013-இல் ஸ்னைத்தின் குழுவினர் வெளியிட்ட ஆய்வில் ஒரு வியப்பான செய்தி இருந்தது. காற்று புகாமல் நன்றாக அடைத்த கலங்கள், அடைக்காத கலங்களைவிட வேகமாகப் பழுதடைந்தன. டைட்டானியம் டை ஆக்சைடின் மேற்பரப்பிலுள்ள குறைகளை, ஒட்டியிருக்கும் ஆக்சிஜன் ஓரளவு மூடி வைக்கிறது. புற ஊதா பட்டதும் அந்த ஆக்சிஜன் விலகிப்போகிறது. காற்றில்லாத அறையில் அந்த இடத்தை நிரப்ப வேறு ஆக்சிஜன் இல்லை. எலெக்ட்ரான்கள் அந்தக் குழிகளில் சிக்கிக்கொள்கின்றன. புற ஊதாவை வடிகட்டியபோது இந்தச் சேதம் குறைந்தது. டைட்டானியம் டை ஆக்சைடுக்குப் பதில் அலுமினாவைச் சட்டகமாக வைத்த கலங்களில் ஒளி மின்னோட்டம் 1,000 மணி நேரம் நிலைத்து நின்றது. நன்றாக அடைத்தாலே போதும் என்ற எண்ணம் அத்தோடு உடைந்தது.

கவசம் மூன்று வகை

முதல் வகை, விழுங்கி வெப்பமாக்கும் பூச்சு. துத்தநாக ஆக்சைடு, சீரியம் ஆக்சைடு போன்றவற்றின் நானோ துகள்களை ஒளி ஊடுருவும் பசைப்பொருளில் கலந்து கண்ணாடியில் பூசுவார்கள். துத்தநாக ஆக்சைடு ஏறத்தாழ 375 நானோமீட்டருக்குக் கீழுள்ள ஒளியை உறிஞ்சும். அதற்கு மேலுள்ளதை விட்டுவிடும். முகத்துக்குப் பூசும் சன்ஸ்கிரீனில் இருப்பதும் இதே பொருள்தான். குறை என்னவென்றால், பிடிபட்ட ஒளி வீணாகிறது.

இரண்டாம் வகை, நிறம் மாற்றும் பூச்சு. புற ஊதாவை உறிஞ்சி, அதே ஆற்றலின் ஒரு பகுதியைக் கண்ணுக்குத் தெரியும் ஒளியாகத் திருப்பித் தரும் துகள்கள் இதில் இருக்கும். கள்வனைப் பிடித்துச் சிறையில் அடைப்பதோடு நிற்காமல், திருத்தி வேலைக்கு அனுப்புவது போன்றது இது. 2014-இல் டெல்லி ஐஐடி ஆய்வாளர்கள் யூரோப்பியம் சேர்த்த இட்ரியம் வனடேட் நானோ துகள்களைப் பெரோவ்ஸ்கைட் கலத்தின் மேல் பூசிப் பார்த்தனர். அது புற ஊதாவை வாங்கி, 618 நானோமீட்டர் அளவில் சிவப்பு ஒளியைத் தரும். பூசிய கலங்களில் புற ஊதாச் சேதம் குறைந்தது, ஒளி அறுவடையும் கூடியது என்று அவர்கள் பதிவு செய்தனர். இந்தப் பொருளுக்குப் பழைய வரலாறும் உண்டு. 1960-களில் வண்ணத் தொலைக்காட்சித் திரைகளில் சிவப்பு நிறத்தைத் தந்தது இதுவே. கார்பன் குவாண்டம் புள்ளிகள் எனப்படும் மிகச்சிறு கரித் துகள்களும் இதே பணிக்கு ஆராயப்படுகின்றன.

மூன்றாம் வகை, ஒன்றை இரண்டாக்கும் பூச்சு. இட்டர்பியம் சேர்த்த சீசியம் ஈய குளோரைடு நானோ படிகங்கள், வலுவான ஒரு ஒளித்துகளை வாங்கி, வலு குறைந்த இரண்டு அகச்சிவப்புத் துகள்களாகத் தருகின்றன. கேட்க அருமையாக இருக்கிறது. ஆனால் வெளிவரும் ஒளியின் அலைநீளம் 1,000 நானோமீட்டரை ஒட்டியது. பெரோவ்ஸ்கைட் உறிஞ்சும் எல்லை ஏறத்தாழ 800 நானோமீட்டர். எனவே தனிப் பெரோவ்ஸ்கைட் கலத்துக்கு இதனால் மின்சார லாபம் இல்லை. சிலிக்கானுக்கே அது உதவும். எந்தப் பூச்சும் எல்லாக் கலத்துக்கும் பொருந்தாது என்பதற்கு இது நல்ல உதாரணம்.

துகள் ஏன் நானோ அளவில் இருக்க வேண்டும்?

கிரிக்கெட் வீரர்கள் மூக்கிலும் கன்னத்திலும் அப்பிக்கொள்ளும் வெள்ளைக் களிம்பு நினைவிருக்கிறதா? அதுவும் துத்தநாக ஆக்சைடுதான். துகள்கள் பெரிதாக இருப்பதால் ஒளியைச் சிதறடித்து வெள்ளையாகத் தெரிகிறது. அதே பொருளை ஒளியின் அலைநீளத்தைவிட மிகச் சிறிய துகள்களாக்கினால் பூச்சு கண்ணாடி போலத் தெளிவாகிவிடும். இந்த அளவுகளில், துகளின் விட்டத்தைப் பாதியாகக் குறைத்தால், அதே எடைப் பொருள் சிதறடிக்கும் ஒளி எட்டில் ஒரு பங்காகக் குறைகிறது. உறிஞ்சும் வேலையோ அப்படியே நடக்கிறது.

ஆனால் நானோ துகள்களுக்கு ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகும் பழக்கம் உண்டு. அப்படித் திரண்டால் பூச்சு பால் போல மங்கி, உள்ளே போகும் ஒளி குறைந்துவிடும். அதனால் துகள்களின் மேற்பரப்பில் சிலிக்கா போன்றவற்றை மெல்லிய உறையாக இடுவார்கள். அந்த உறைக்கு இன்னொரு பயனும் உண்டு. புற ஊதா பட்ட துகள், தன்னைத் தாங்கியிருக்கும் பசைப்பொருளை அரிக்காமலும் அது தடுக்கும். சன்ஸ்கிரீனில் சேர்க்கும் டைட்டானியம் டை ஆக்சைடுத் துகள்களுக்கும் இதே காரணத்துக்காக உறை இடப்படுகிறது. கலத்துக்குள் வினையூக்கியாகி அயோடைடை அரித்த அதே பொருள், உறை போட்டு வெளியே வைத்தால் காவலாளி ஆகிறது.

லாபம் எவ்வளவு?

நிறம் மாற்றும் பூச்சு மின் உற்பத்தியைப் பெருமளவு கூட்டும் என்பது போன்ற செய்திகள் அவ்வப்போது வருகின்றன. ஒரு சிறு கணக்கு போட்டுப் பார்க்கலாம். முழு வெயிலில் 400 நானோமீட்டருக்குக் கீழுள்ள ஒளித்துகள் அனைத்தும் மின்னோட்டமாக மாறினாலும், ஒரு சதுர சென்டிமீட்டருக்குக் கிடைப்பது ஒன்று முதல் ஒன்றரை மில்லிஆம்பியர்தான். நல்ல பெரோவ்ஸ்கைட் கலம் மொத்தமாகத் தருவது ஏறத்தாழ 25 மில்லிஆம்பியர். ஆக உச்சபட்ச லாபமே இருபதில் ஒரு பங்கு அளவில்தான்.

அதிலும் கழிவுகள் உண்டு. பூச்சிலிருந்து வெளிவரும் புதிய ஒளி எல்லாத் திசையிலும் போகும். கண்ணாடியை ஒத்த ஒளிவிலகல் உள்ள பூச்சில், ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு மேல்பக்கமாகவே தப்பிவிடும். துகள் உறிஞ்சிய ஒவ்வொரு ஒளித்துகளும் புதிய ஒளியாக மாறிவிடுவதும் இல்லை. மேலும், கலம் தானாகவே புற ஊதாவில் ஒரு பகுதியை மின்சாரமாக்கிக்கொண்டிருந்தால், அதைத் தடுப்பதால் வரும் நட்டத்தையும் கழிக்க வேண்டும். எனவே இந்தப் பூச்சின் மதிப்பு, இன்று கூடுதலாகக் கிடைக்கும் மின்சாரத்தைவிட, கலத்தின் ஆயுளில் கூடும் வருடங்களில்தான் இருக்கிறது.

இதற்கு ஒரு நல்ல சான்று 2016-இல் வந்தது. இத்தாலியின் டூரின் நகரில் ஃபெடரிகோ பெல்லாவும், சுவிட்சர்லாந்தின் மிக்கேல் கிராட்ஸலும் அடங்கிய குழு, கலத்தின் முன்பக்கம் ஒளிரும் சாயம் கலந்த ஃபுளோரோபாலிமர் பூச்சையும், பின்பக்கம் ஈரம் புகாத பூச்சையும் இட்டது. ஏறத்தாழ 19 சதவீதத் திறனுள்ள அந்தக் கலங்கள் ஆறு மாதச் சோதனையைத் தாக்குப்பிடித்தன. முன்பக்கப் பூச்சில் இருந்தது நானோ துகள் அல்ல, கரிமச் சாயம். கரிமச் சாயங்கள் வெயிலில் நாளடைவில் வெளிறக்கூடியவை. ஆக்சைடு, வனடேட் போன்ற கனிம நானோ துகள்களின் பக்கம் ஆய்வாளர்கள் சாய்வதற்கு அது முக்கியக் காரணம்.

பூச்சால் தீராதவை

வெளிப்பூச்சு ஒரு குடை. குடை மழையைத் தடுக்கும், காய்ச்சலைக் குணப்படுத்தாது. வெப்பம், ஈரம், சாதாரண வெளிச்சத்திலேயே நடக்கும் அயனி இடப்பெயர்ச்சி ஆகியவற்றை அது தீர்க்காது. 375 நானோமீட்டரில் நிற்கும் பூச்சு, அதற்கு மேல் 400 வரையுள்ள கதிரை உள்ளே விட்டுவிடும். அந்த இடைவெளியை அடைக்கத் தடிமனைக் கூட்டினாலோ, துகளை மாற்றினாலோ, நல்ல ஒளியையும் சேர்த்து இழக்க நேரும். கண்ணாடியின் வெளிப்பக்கம் பூசினால் தூசு, மணல், துடைக்கும் துணி என எல்லாம் பூச்சைத் தேய்க்கும்.

ஆகவே கலத்தின் உள்கட்டமைப்பையே மாற்றும் பணியும் கூடவே நடக்கிறது. டைட்டானியம் டை ஆக்சைடுக்குப் பதிலாக, புற ஊதாவில் பெரும்பகுதியைக் கண்டுகொள்ளாத வெள்ளீய ஆக்சைடைப் பலரும் பயன்படுத்துகின்றனர். 2024-இல் 'சயன்ஸ்' இதழில் அமெரிக்காவின் வட கரோலினா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜின்சாங் ஹுவாங் குழுவினர் வெளியிட்ட ஆய்வு, வெயிலின் புற ஊதா, பெரோவ்ஸ்கைட்டுக்கும் அதை ஒட்டிய அடுக்குக்கும் இடையிலுள்ள பிணைப்பைத் தளர்த்துவதைக் காட்டியது. அந்தப் பிணைப்பை வலுப்படுத்திய சிறு தகடுகள் 29 வாரங்கள் திறந்தவெளியில் இருந்த பின்னும் 16 சதவீதத்துக்கு மேல் திறன் காட்டின. குடையும் வேண்டும், உடம்பில் தெம்பும் வேண்டும்.

ஆய்வக விளக்கும் அசல் வெயிலும்

நாம் கவனிக்க வேண்டிய முக்கியமான இடம் இதுதான். '1,000 மணி நேரம் தாங்கியது' என்று ஒரு செய்தி வந்தால், எந்த விளக்கின் கீழ் என்று கேட்க வேண்டும். பல ஆய்வகங்களில் வெள்ளை எல்இடி விளக்குதான் சூரியனுக்குப் பதிலாக எரிகிறது. அதில் புற ஊதா கிட்டத்தட்ட இல்லை. எதிரியே இல்லாத களத்தில் பெற்ற வெற்றியை வைத்துப் போரைக் கணிக்க முடியாது.

சிலிக்கான் தகடுகளுக்கான சர்வதேசத் தரச் சோதனையில், ஒரு சதுர மீட்டருக்கு 15 கிலோவாட் மணி அளவு புற ஊதாவைச் செலுத்துகிறார்கள். வெயில் அதிகமுள்ள நாடுகளில் ஒரு சதுர மீட்டரில் வருடத்துக்கு ஏறத்தாழ 2,000 கிலோவாட் மணி சூரிய ஆற்றல் விழுகிறது. அதில் 5 சதவீதம் புற ஊதா என்றால் 100 கிலோவாட் மணி. அதாவது, அந்தச் சோதனையின் அளவு ஏறத்தாழ இரண்டு மாத வெயிலுக்குச் சமம். 25 வருடம் நிற்க வேண்டிய தகட்டுக்கு இது தொடக்கச் சோதனை மட்டுமே.

அசல் வெயிலில் என்ன ஆகிறது என்பதற்குச் செங்கடல் கரையிலிருந்து ஒரு தகவல் இருக்கிறது. சவூதி அரேபியாவின் துவல் நகரிலுள்ள மன்னர் அப்துல்லாஹ் அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தினர், பெரோவ்ஸ்கைட்-சிலிக்கான் இரட்டை அடுக்குக் கலத்தை ஒரு வருடம் திறந்தவெளியில் வைத்தனர். வெப்பம், உப்புக்காற்று, ஈரம், புற ஊதா எல்லாம் ஒன்றாகத் தாக்கும் இடம் அது. வருட முடிவில் தொடக்கத் திறனில் 80 சதவீதம் மிஞ்சியதாக 2023-இல் அறிவித்தனர். பெரோவ்ஸ்கைட்டின் அளவில் இது பாராட்டத்தக்க முன்னேற்றம். ஆனால் நல்ல சிலிக்கான் தகடு சராசரியாக ஒரு வருடத்தில் இழப்பது அரை முதல் ஒரு சதவீதம்தான். கடக்க வேண்டிய தூரம் எவ்வளவு என்பதை இந்த ஒப்பீடே சொல்லிவிடுகிறது.

ஈயத்தின் கேள்வி

ஆயுளைப் பற்றிய இந்தப் பேச்சு வெறும் பணக்கணக்கு அல்ல. ஒரு சதுர மீட்டர் பெரோவ்ஸ்கைட் படலத்தில் உள்ள ஈயம் ஒரு கிராமுக்கும் குறைவு. அளவில் சிறிதுதான். ஆனால் சிதைவில் உருவாகும் ஈய அயோடைடு நீரில் ஓரளவு கரையும். கண்ணாடி உடைந்த தகட்டின் மேல் மழை பெய்தால் அது வழிந்தோடலாம். ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும் நஞ்சு. எனவே கலம் சிதையாமல் காப்பதும், சிதைந்தாலும் ஈயத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும் படலங்களை உள்ளே சேர்ப்பதும், பழைய தகடுகளைத் திரும்பப் பெறும் ஏற்பாடும் ஒன்றாக வர வேண்டும்.

நாம் என்ன செய்யலாம்?

2024-இல் ஆக்ஸ்ஃபோர்டு பிவி நிறுவனம் இரட்டை அடுக்குத் தகடுகளை வணிக ரீதியாக அனுப்பத் தொடங்கிவிட்டது. சீன நிறுவனங்களும் வேகமாக முன்னேறுகின்றன. அடுத்த சில வருடங்களில் 'நானோ பூச்சு', 'புற ஊதாப் பாதுகாப்பு' என்ற சொற்களோடு விளம்பரங்கள் நம்மிடமும் வரக்கூடும். அப்போது ஐந்து கேள்விகள் போதும். சோதனை எந்த ஒளியில் நடந்தது? எத்தனை கிலோவாட் மணி புற ஊதா செலுத்தப்பட்டது? திறந்தவெளியில் எவ்வளவு காலம், எந்தத் தட்பவெப்பத்தில் வைக்கப்பட்டது? பூச்சு கண்ணாடிக்கு வெளியேயா, உள்ளேயா? உத்தரவாதம் எத்தனை வருடம், தருபவர் யார்?

இன்று கூரையில் சூரிய மின்சாரம் அமைக்க நினைப்பவர்கள் பெரோவ்ஸ்கைட்டுக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. சிலிக்கான் தகடு இன்றைக்கே நம்பகமானது. படிக்கும் பிள்ளைகளுக்கோ இத்துறை திறந்து கிடக்கிறது. வேதியியல், இயற்பியல், பொருளறிவியல் மூன்றும் சந்திக்கும் இடம் இது. கோடிக்கணக்கான ரூபாய் ஆலை இல்லாமல், ஒரு சாதாரணப் பல்கலைக்கழக ஆய்வகத்திலேயே செய்து பார்க்கக்கூடிய சோதனைகள் இதில் நிறைய உண்டு. தண்ணீர்த் தொட்டிக்குக் கரித்தூள் கிடைத்ததைப் போல, பெரோவ்ஸ்கைட்டுக்கும் தன் துகள் கிடைக்க வேண்டும். அதைக் கண்டுபிடிப்பவர் இப்போது ஏதோ ஒரு வகுப்பறையில் அமர்ந்திருக்கலாம்.